பிரேக் அண்ணன் வாசித்த டிரம்ஸ்

பேருந்து டிப்போவில் அவருக்குப் பேர் பிரேக் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. காலையில் நீலச் சட்டையோடு குழிக்குள் இறங்கி, வண்டிக்கு அடியில் நின்று பிரேக் லைனிங் மாற்ற ஆரம்பித்தால், சாயங்காலம் கறுப்புச் சட்டையோடுதான் மேலே ஏறி வருவார். அவர் கை பட்ட வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் என்று எல்லா ஓட்டுநர்களும் சொல்வார்கள். அவர் வாயில் விழுந்து எழுந்திருக்காத ஓட்டுநரும் அங்கே கிடையாது.

கோபம் அவருக்கு மூக்கின் மேலேயே இருக்கும். அதிலும் ஒரு கஷ்டம் என்னவென்றால், அவர் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கும். நியாயமில்லாமல் கத்துகிறவனை ஒரு ஓரமாக விட்டுவிட்டுப் போகலாம். நியாயத்தோடு கத்துகிற மனுஷனை என்ன செய்ய முடியும்? கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தக் கோபத்தில் பெரும்பங்கு பாப் பாட்டுக்குப் போனது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஓட்டுநர் பாப் போட்டால் ஒரு நிறுத்தம் முன்னாடியே இறங்கி நடந்துவிடுவார். முடிவெட்டப் போன இடத்தில் பாப் ஓடினால், பாதித் தலையோடு உட்கார்ந்துகொண்டு அதை நிறுத்தச் சொல்லித் தகராறு பண்ணுவார். அவருக்குப் பாட்டு என்றால் கிறிஸ்தவ ராக். எலெக்ட்ரிக் கிடார் அலற வேண்டும், டிரம்ஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும், அதற்கு மேலே ஒருவன் தொண்டை கிழிய ஆண்டவரைக் கூப்பிட வேண்டும். மற்றதெல்லாம் அவருக்குக் காதுக்குள் போன தண்ணீர்.

இது எங்கே ஆரம்பித்தது என்றால், சின்ன வயதில் அவர் சபையில் தூங்கிக்கொண்டிருந்ததில் ஆரம்பித்தது. அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் அப்படி இழுக்கும். ஆர்மோனியம் ஒரு மூச்சு விட்டு அடுத்த மூச்சு வாங்குவதற்குள் அவர் குறட்டைக்குப் போய்விடுவார். அம்மா தொடையில் கிள்ளுவாள். டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஓட்டுநர் ஒரு கேசட்டைக் கொடுத்து, உன் சாமி பாட்டுதான், கேட்டுப் பார் என்றார். கேட்டார். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பக்திப் பாட்டைத் தூங்காமல் முழுசாகக் கேட்டார். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலி ஆயில் டின்களைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு ஸ்பேனரால் தட்ட ஆரம்பித்தவர்தான்.

சபைக்குள் டிரம்ஸைக் கொண்டுவர அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெரியவர்கள் கூட்டம் போட்டு, இதை அடித்தால் பேய் வரும் என்றார்கள். பிரேக் அண்ணன் எழுந்து, நீங்கள் பாடுகிற பாட்டுக்குப் பேய்கூட வராது, வந்தாலும் தூங்கிவிடும் என்றார். அதற்காக மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். கேட்டார். ஆனால் டிரம்ஸ் உள்ளே வந்துவிட்டது, அதன் பின்னால் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு வாயால் ஜெபம் பண்ண வராது. எழுந்து நின்று ஜெபியுங்கள் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் மனைவிக்கு வயிற்றிலேயே ஒரு குழந்தை தவறிப்போனது. சபையார் வீட்டுக்கு வந்து மெல்லிசாக, இனிப்பாக நாலு பாட்டுப் பாடி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவரோடு சண்டை போடுகிற ஒரு பாட்டை எடுக்கச் சொல்லி, டிரம்ஸின் தோல் கிழிகிற அளவுக்கு அடித்தார். ஏன் எடுத்துக்கொண்டீர் என்று கேட்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அன்றைக்கு மனைவியும் முதல் தடவையாக அழுதாள். அதற்குப் பிறகுதான் அவர்கள் வீட்டில் சாப்பாடு இறங்கியது.

அதனால்தான் பாப் பாட்டை யாராவது பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் அவருக்கு ஆகாது. ஆனால் கொண்டுவந்து வைப்பதற்கென்றே ஒருவன் இருந்தான். மனைவியின் தம்பி. கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிற கடை வைத்திருந்தான். கதவுகளின் உட்பலகையைக் கழற்றிப்போட்ட நாலைந்து கார்கள், சுவர் முழுக்க ஒயர், தரை முழுக்க ஸ்க்ரூ, காலையிலிருந்து சாயங்காலம்வரை பாப். சனிக்கிழமை சாயங்காலம் டீ குடிக்கிற சாக்கில் பிரேக் அண்ணன் அங்கே போவார். டீ ஆறிப்போகும். இரண்டு பேரும் ஆற மாட்டார்கள்.

"உனக்காகச் செத்துருவேன்னு பாடறான் பாரு மாப்ள," என்பார். "அடுத்த பாட்டுல வேற ஒருத்தி. அவளுக்காகவும் சாவானாம். இதுவரைக்கும் எவனாவது செத்திருக்கானா? நாங்க யாரைப் பாடறோமோ, அவரு நிஜமாவே செத்தவரு."

மச்சினன் சளைத்தவன் இல்லை. "உங்க பாட்டும் எங்க பாட்டும் ஒண்ணுதான் மாமா. நாங்க கண்ணேன்னு போட்ட இடத்துல நீங்க கர்த்தரேன்னு போட்டிருக்கீங்க. அதுவும் நாங்க பாடித் தூக்கிப் போட்டு பத்து வருஷம் கழிச்சு."

உங்கள் கிடாரும் எங்கள் கிடாரும் ஒரே கடையில் வாங்கியது. அழ வேண்டிய இடத்தில் அழவைக்கிற வித்தையும் ஒன்றுதான். நாங்கள் வியாபாரம் என்று சொல்லிவிட்டுச் செய்கிறோம், நீங்கள் சொல்லாமல் செய்கிறீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போவான். வேலை போனவன் எந்தப் பாப் பாட்டைப் பாடுவான், பிள்ளையைப் பறிகொடுத்தவன் எதைப் பாடுவான் என்று இவர் திருப்பிக் கேட்பார். காதல் தோல்விக்கு ஆயிரம் பாட்டு வைத்திருக்கிறீர்களே, வாழ்க்கையில் வேறு எதிலுமே எவனும் தோற்பதில்லையா என்பார். உங்கள் பாட்டை உட்கார்ந்து கேட்கத்தான் முடியும். எங்கள் பாட்டில் கழுதைக் குரல்காரியும் சேர்ந்து பாடலாம், யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள் என்பார்.

கடைசியாக எடுத்து விடுகிற ஆயுதம் ஒன்று அவரிடம் இருந்தது. பாப் பாடகர்கள் மேடையில் ஆடிக்கொண்டே வாயை மட்டும் அசைக்கிறார்களே, பாட்டு பின்னால் எங்கோ தானாக ஓடுகிறதே, அந்த விவகாரம்.

"காசு குடுத்து வந்தவன் காதுல பூ சுத்தறது அது. எங்க சபையில ஒரு அடி தப்பா விழுந்தாலும், அது என் கையால விழுந்த அடி. ஏமாத்து வேலை கிடையாது."

இந்த இடத்தில் மட்டும் மச்சினன் குனிந்து ஸ்க்ரூ பொறுக்க ஆரம்பித்துவிடுவான். அவனுக்கே அந்த வாயசைப்பு பிடிக்காது. பிரேக் அண்ணன் ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குப் போவார்.

சபைக்குப் புதுப் போதகர் வந்தார். நல்ல மனுஷர், சிரித்த முகம். வந்ததும் ஆராதனையைப் படம் பிடித்து நேரடியாக இணையத்தில் விட ஏற்பாடு செய்தார். கேமரா வந்தது, பெரிய திரை வந்தது, மண்டபத்தின் பின்பக்கம் சவுண்ட்காரருக்கு ஒரு மேசையும் லேப்டாப்பும் வந்தன. சவுண்ட்காரர் வாரநாட்களில் வீடு வீடாகக் கேபிள் இணைப்புக் கொடுக்கிறவர்; வாய் பேசாத சாது. அதோடு பிரேக் அண்ணனுக்கும் ஒரு பரிசு வந்தது. பழைய டிரம்ஸுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் டிரம்ஸ். தோலுக்குப் பதில் ரப்பர் தட்டு. தட்டினால் தட்டுக்குச் சத்தமே கிடையாது. சத்தம் ஒயர் வழியாகச் சவுண்ட்காரர் மேசைக்குப் போய், அங்கிருந்து மண்டபத்து ஸ்பீக்கருக்குப் போகும். வாசிக்கிறவருக்குக் காதில் ஹெட்ஃபோன். சபைக்கு முன்னால் போதகர் அதை அவருக்கென்று ஜெபித்துக் கொடுத்தபோது பிரேக் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹெட்ஃபோனுக்கென்று ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார்கள். யார் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று அதில் அவரே திருகி வைத்துக்கொள்ளலாம். தாளம் தப்பாமல் இருக்க டிக் டிக் என்று ஒரு சத்தமும் அதில் வரும். அந்த டிக் டிக்கை அவர் முதல் நாளே அணைத்துவிட்டார். இத்தனை வருஷம் வாசிக்கிறவனுக்குக் கடிகாரம் சொல்லித்தரப் போகிறதா என்று கோபம். மற்றவர்கள் சத்தத்தையும் குறைத்து வைத்துக்கொண்டு தன் டிரம்ஸை மட்டும் நன்றாகக் கேட்டார். அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு குறைதான். கிடார்காரரும் பியானோ வாசிக்கிற அக்காவும் எப்போது பார்த்தாலும் பின்தங்கினார்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் அவர்கள் வந்து சேரும்வரை இவர் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆராதனை முடிந்ததும், சோறு கண்டே நாலு நாள் ஆன ஆட்களா நீங்கள் என்று இரண்டு பேரையும் பிடிபிடியென்று பிடிப்பார். சரி அண்ணா, அடுத்த வாரம் சரி பண்ணிக்கிறோம் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். நல்ல பிள்ளைகள், ஆனால் சோம்பேறிகள் என்று வீட்டில் வந்து சொல்வார். மனைவி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே தலையை ஆட்டுவாள்.

அப்படியே போய்க்கொண்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, வியர்வையில் வலது கைக் குச்சி நழுவிக் கீழே உருண்டது. எடுக்கக் குனிந்தார். குனிந்த வேகத்தில் ஹெட்ஃபோன் ஒயர் ஆணியில் மாட்டி, ஹெட்ஃபோன் காதிலிருந்து உருவிக்கொண்டு விழுந்தது. அதைப் பிடிக்கப் போய் இடது கைக் குச்சியையும் விட்டார்.

இரண்டு கையும் காலி. மண்டபத்தில் டிரம்ஸ் இடித்துக்கொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தட்டுகளின் மேல் யார் கையும் இல்லை. டிரம்ஸ் நிற்கவில்லை; நிற்காதது மட்டுமா, இடையில் ஒரு உருட்டு உருட்டியது பாருங்கள், அப்படியொரு உருட்டு அவர் ஜென்மத்தில் உருட்டியதில்லை. பிரேக் அண்ணனுக்கு உச்சியிலிருந்து பாதம்வரை சிலிர்த்துவிட்டது. தேவதூதன் இறங்கி வந்து வாசிக்கிறான் என்றே நினைத்தார். சிரிக்காதீர்கள். வாழ்நாள் முழுக்க அப்படி ஒன்றுக்காகக் காத்திருந்தவர் வேறு என்ன நினைப்பார்? காலிக் கைகளை மேலே தூக்கி, கண்ணீர் வழிய, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சத்தம் போட்டார். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் திறக்காமலே ஆமென் என்றார்கள்.

அப்போதுதான் மண்டபத்தின் கடைசியில் சவுண்ட்காரரின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் சொட்டு ரத்தமில்லை. கை லேப்டாப்பின் மேல் இருந்தது. தேவதூதனைப் பார்த்த முகமல்ல அது, கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம். பிரேக் அண்ணனின் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

ஆராதனை முடிந்ததும் நேராகப் போதகர் அறைக்குப் போனார். போதகர் கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை. போதகர் மறைக்காமல் சொல்லிவிட்டார், அதற்கு மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். பிரேக் அண்ணன் வேகமாகப் போகிறார். பாட்டில் மனசு ஏற ஏற அவர் கையும் ஏறுகிறது, பிறகு யாராலும் பிடிக்க முடிவதில்லை. வாரம் முழுக்கப் பிரேக் வேலை பார்க்கிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரேக் பிடிக்காமல் போனது யார் குற்றமோ தெரியாது. ஆராதனை சபைக்குள் மட்டும் இருந்த காலத்தில் சமாளித்தார்கள். வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க ஆரம்பித்ததும் குறை வந்தது. அதனால் பெரிய ஸ்டுடியோவில் பதிவு செய்த டிரம்ஸை வாங்கி லேப்டாப்பில் ஓட விடுகிறார்கள். மற்றவர்கள் அதற்குத்தான் வாசிக்கிறார்கள். பிரேக் அண்ணன் வாசிப்பது பிரேக் அண்ணன் ஹெட்ஃபோனுக்கு மட்டும் போகிறது. அந்தப் பரிசு வந்த நாளிலிருந்தே இப்படித்தான்.

அவர் மனசு நோகக்கூடாதே என்றுதான் சொல்லவில்லையாம். நோகக்கூடாதாம்! ஒரு மனுஷனைப் பொம்மையாக்கி மேடையில் உட்காரவைத்துவிட்டு, அவன் மனசைப் பற்றிக் கவலைப்பட்டார்களாம். பின்தங்குகிறார்கள் என்று வாரா வாரம் திட்டு வாங்கிக்கொண்டு தலையாட்டினார்களே, அந்த இரண்டு பேரையும் நினைத்தபோது பிரேக் அண்ணனுக்குக் காது மடல் கொதித்தது. யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். பாட்டுக் குழுவுக்குத் தெரியும் என்றார் போதகர். பிறகு, சபையில் சில பேருக்கு என்றார். பிறகு, அநேகமாக எல்லோருக்கும் என்றார். என் வீட்டில் என்று இவர் கேட்டபோது, போதகர் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

குடித்து முடித்துவிட்டு, போதகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிரதர், நீங்க வாசிச்சதை ஆண்டவர் கேட்டார். அவருக்கு ஸ்பீக்கர் வேணுமா என்ன?"

வேறு யாராவது என்றால் இதில் மடங்கியிருப்பார்கள். பிரேக் அண்ணன் கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றார். "ஆண்டவருக்கு வேண்டாம் பாஸ்டர். பக்கத்துல நின்னு பாடறவனுக்கு வேணும். அதுக்குத்தானே சபைன்னு ஒண்ணு கூடறோம்? இல்லன்னா நான் வீட்டுல உக்காந்து தலகாணியைத் தட்டிட்டு இருப்பேனே."

அடுத்த வாரம் ஒரே ஒரு பாட்டுக்கு, ஒன்றே ஒன்றுக்கு, லேப்டாப்பை நிறுத்திவிட்டுத் தன் சத்தத்தை மண்டபத்தில் விடச் சொல்லிக் கேட்டார். ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றார் போதகர். முடியாது என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று சபைக்குப் போய்ப் பழகின யாருக்கும் தெரியும்.

வீட்டில் மனைவி சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டு வேலை. அவர் வாசலில் நின்றதைப் பார்த்ததும் குழாயை மூடினாள். கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

தனக்கு முதல் வாரமே தெரியும் என்றாள். பாட்டுக்கு நடுவில் நீங்கள் துண்டை எடுத்து முகம் துடைத்தீர்கள், டிரம்ஸ் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, உங்களுக்கு ஹெட்ஃபோனில் தெரிந்திருக்காது என்றாள். அவர் கத்தாமல் இருந்தது அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் கடைசியாக. "ஊருக்கே தெரியும். நான் மட்டும் அங்க உக்காந்து வேஷம் கட்டிட்டு இருந்திருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை வாசிச்சிட்டு வந்தா, புதன்கிழமை வரைக்கும் நீங்க மனுஷனா இருக்கீங்க," என்றாள் அவள். "அதை நானே என் வாயால கெடுக்கணுமா? எனக்கு மனசு வரலைங்க."

அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பசிக்கவில்லை என்றார்.

அந்த வாரம் டிப்போவில் யாரும் அவர் குழிப்பக்கம் போகவில்லை. சனிக்கிழமை மச்சினன் கடைக்கும் அவர் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? வாயசைக்கிறவர்களை வாரா வாரம் வறுத்தெடுத்தவர், தானே கையசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஆனால் மனைவி மூலம் விஷயம் அவனுக்குப் போயிருந்தது. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டான். சிரிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துப் பிரேக் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

"எங்க ஆளுங்க செஞ்சா ஏமாத்து வேலை, உங்க ஆளுங்க செஞ்சா ஊழியமா மாமா?" என்று ஆரம்பித்தான். உங்களை இப்படி உட்காரவைக்க அவர்களுக்கு என்ன தைரியம், நான் வந்து கேட்கிறேன், அந்த லேப்டாப்பைத் தூக்கித் தரையில் அடிக்கிறேன் என்று குதித்தான். விழாக்களில் பாப் வாசிக்கிற ஒரு குழு தன் கடைக்கு வருகிறது, அவர்களுக்கு டிரம்ஸ்காரர் வேண்டும், நிஜ டிரம்ஸ், ஊரே கேட்கும், நாளைக்கே வாருங்கள் என்றான்.

பிரேக் அண்ணனுக்கு அவன்மேல் அன்றைக்கு இருந்த பிரியம் அதற்கு முன் இருந்ததில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டார். "அந்தப் பாட்டுக்கு என் கை போகாது மாப்ள. ஏமாத்துனது ஆளுங்க. பாட்டு என்ன பண்ணுச்சு?"

அந்த நிலைமையிலும் விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள். மச்சினன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரேக் அண்ணன் நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சபைக்குப் போனார். போதகர் வாசலில் கையைப் பிடித்து, இன்னும் ஜெபத்தில்தான் வைத்திருக்கிறேன் பிரதர் என்றார். சரி பாஸ்டர் என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். கிடார்காரரும் பியானோ அக்காவும் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டவில்லை. குச்சிகளை எடுத்துத் தட்டின் மேல் அழகாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாட்டு ஆரம்பித்ததும் இரண்டு கைகளையும் மார்பின் மேல் கட்டிக்கொண்டார்.

டிரம்ஸ் இடித்தது. டிரம்ஸ்காரர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வாரம் முழுக்க அவர் யோசித்து வைத்தது இதுதான். பார்க்கட்டும். இந்த ஏமாற்று வேலையைச் சபை முழுக்க, கேமரா வழியாக ஊர் முழுக்கப் பார்க்கட்டும். முதல் சரணத்தில் ஒருவன் பக்கத்திலிருப்பவனை இடித்துக் காட்டுவான், இரண்டாவது சரணத்தில் பாட்டு தடுமாறும், மூன்றாவதற்குள் வாயடைத்து நிற்பார்கள், பிறகு அந்த லேப்டாப்பை அணைத்துத்தான் ஆக வேண்டும். கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார்.

முதல் சரணம் முடிந்தது. யாரும் கவனிக்கவில்லை. பாதிப்பேர் கண்ணை மூடியிருந்தார்கள், மீதிப்பேர் திரையில் ஓடும் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமரா பாடுகிறவரின் முகத்தில் இருந்தது. இரண்டாவது சரணமும் போனது. பேய் வரும் என்று சொன்ன பெரியவர்களில் ஒருவர் முன்வரிசையில் நின்று ஆனந்தமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் உருகிப் பாடியது. அதுவும் என்றைக்கும் இல்லாத அளவுக்கு நன்றாகப் பாடியது. அவர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தன்னை ஏமாற்றினார்கள் என்றுதான் அதுவரை கொதித்துக்கொண்டிருந்தார். தன்னைத் தேடக்கூட ஆள் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு வருஷம் யாருக்காகத்தான் அடித்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மனைவியைப் பார்த்தார். பெண்கள் பக்கம் ஓரத்தில், வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். சுற்றி அத்தனை பேரும் பாட, அவள் வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. கைகளை மார்பில் கட்டியிருந்தாள். கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டு ஆரம்பித்ததிலிருந்தே அப்படித்தான் நின்றிருப்பாள் போலிருக்கிறது.

பிரேக் அண்ணன் எழுந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மேடையிலிருந்து இறங்கி, நடுவழியாக நடந்து, அவள் பக்கத்தில் போய் நின்றார். அதையும் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. காலி நாற்காலிக்கு முன்னால் டிரம்ஸ் ஒரு தப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையைத் தட்ட ஆரம்பித்தார். எண்ணெய்க் கறை போகாத பெரிய கைகள். சத்தம் பலமாக விழுந்தது. தட்டிக்கொண்டே பாடினார். நல்ல குரல் என்று சொல்ல முடியாது. மனைவியும் கட்டியிருந்த கைகளை அவிழ்த்துத் தட்டினாள், பாடினாள்.

ஒரு வரி போனது. மனசு ஏறியது, கையும் ஏறியது. அவள் ஸ்பீக்கரில் வரும் டிரம்ஸோடு போய்க்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் குனிந்து முறைத்தார்.

"நீயும் ஏன் இழுக்கறே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்துகொண்டாள். அவர் ஏற அவளும் ஏறினாள். மண்டபம் முழுவதும் ஒரு தாளத்தில் போக, அந்த ஓரத்தில் இரண்டு பேர் மட்டும் மூச்சு வாங்க வாங்க வேறொரு தாளத்தில் போனார்கள். முன்னால் நின்ற பெண் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தாள். சபை கடைசிச் சரணத்தை எடுத்தபோது, அவர்கள் இருவரும் பாட்டை முடித்துவிட்டு, மற்றவர்கள் வந்து சேரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்கள்.